சதையியும் அதன் அயலும்

முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பித்தவன் நான். ஆயினும், 2023 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் என் தமையனார் கொண்டுவந்து நீட்டிய ஒற்றைக் கடதாசியைச் சரியாக வாசிக்க என்னால் இயலாது போயிற்று. அந்தத் தவற்றின் கதையையும், அதன் பின்னர் நான் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தமையனார் தோட்டக்காரர். வெங்காயமும் மிளகாயும் அவருடைய உலகம். அறுபத்து மூன்று வயதுவரை வைத்தியசாலை வாசலை மிதித்தறியாதவர். அவ்வாண்டின் தொடக்கத்திலே மேல்வயிற்றில் ஒரு பாரம் என்றார். இரவிலே அது முதுகுக்கு ஊடுருவுகிறது என்றார். உடுத்த சாரம் இடையில் நில்லாது நழுவும் அளவுக்கு மெலிந்தார். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாத நீரிழிவு புதிதாக வந்து சேர்ந்தது. வைத்தியர் சொற்படி, வழக்கிலே ஸ்கான் என்று நாம் சொல்லும் கழியொலிப் பரிசோதனை செய்யப்பட்டது. அதன் அறிக்கையே நான் குறிப்பிட்ட கடதாசி.

ஈரல் இயல்பானது, பித்தப்பையிற் கல் இல்லை, மண்ணீரல், சிறுநீரகங்கள் இயல்பானவை. இவ்வாறு ஆங்கிலத்திலே ஐந்தாறு வரிகள். கடைசி வரி மட்டும் வேறு விதமாக இருந்தது: குடல் வாயு மறைத்தமையாற் சதையி காணப்படவில்லை.

"என்னவாம் தம்பி?" என்றார்.

"எல்லாம் நல்லாயிருக்கு அண்ணை. ஒன்றுமில்லை" என்றேன்.

கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். ‘காணப்படவில்லை’ என்று எழுதியிருந்ததை ‘ஒன்றுமில்லை’ என்று வாசித்தவன் நான். எழுதியவர் உண்மையையே எழுதியிருந்தார்.

சதையி என்பது இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்புக்கு முன்னே, வயிற்றறையின் பின்சுவரோடு ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கும் மென்மையான சுரப்பி. நீளம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். நிறை 100 கிராம் வரையில். அதன் தலை வலப்புறத்தே முன்சிறுகுடலின் வளைவுக்குள் அடங்கியிருக்கும். வால் இடப்புறத்தே மண்ணீரலின் வாயிலை எட்டும். உணவைச் செமிக்கச் செய்யும் சாற்றைக் குடலுக்கும், வெல்லத்தை அடக்கியாளும் இன்சுலினைக் குருதிக்கும் கொடுப்பது அதுவே. கிரேக்கர் இதற்கு இட்ட பெயருக்கு ‘முழுதும் சதை’ என்பது பொருள். எலும்போ குருத்தெலும்போ அதில் இல்லாமை கண்டு அப்படி அழைத்தார்கள். தமிழகத்தார் கணையம் என்பர். ஈழத்துப் பாடநூல்கள் சதையி என்கின்றன. கிரேக்கச் சொல்லின் கருத்து நம் சொல்லிலே அப்படியே வந்து அமர்ந்திருப்பதை மொழிப்பற்றுள்ளோர் கவனிக்கலாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் காலந்தொட்டு, உடலின் உள்ளுறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் முயற்சி நம்மிடையே நடந்துவந்திருக்கிறது. பெயர் கிடைத்தாயிற்று. உறுப்பை உயிருள்ள மனிதனிடத்திலே காண்பதுதான் அரிதாயிருந்தது.

1642 ஆம் ஆண்டு இத்தாலியின் பாதுவா நகரில், ஜேர்மனியரான வேர்சுங் என்பவர், தூக்கிலிடப்பட்ட ஒருவனுடைய உடலை அறுத்துப் பார்த்தபோது சதையியின் நடுவே நீளவாக்கில் ஒரு குழாய் ஓடுவதைக் கண்டார். அதனைச் செப்புத் தகட்டிற் செதுக்கி, படியெடுத்து, பெயர் பெற்ற உடற்கூற்றறிஞர்களுக்கு அனுப்பி, இது யாதென்று வினவினார். விடை காணுமுன்னரே, அடுத்த ஆண்டு, தம் வீட்டு வாசலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1869 இல் இருபத்தொரு வயது மாணவராயிருந்த லங்கர்ஹான்ஸ், சதையியினுள்ளே சிறு தீவுகள் போன்ற கலக்கூட்டங்களை நுணுக்குக்காட்டியிற் கண்டு எழுதினார். அவை எதற்கென்று அவருக்கும் தெரியாது. அத்தீவுகளிலிருந்து வரும் இன்சுலினை 1921 இல் ரொறன்ரோவிலே பான்ரிங்கும் பெஸ்ட்டும் பிரித்தெடுத்தார்கள். இத்தனையும் பிணத்தையோ விலங்கையோ அறுத்துக் கண்டவை. வாழும் மனிதனின் சதையியோ, கைக்கு எட்டாத ஆழத்தில், இரைப்பையும் குடலும் முன்னே திரையிட, மறைந்தே கிடந்தது.

அத்திரைதான் ஒலிக்கும் தடை. கழியொலி என்பது மனிதச் செவிக்கு எட்டாத ஒலி. செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டதை நம் காது கேளாது. வயிற்றைப் பார்க்க வைத்தியர் பயன்படுத்துவதோ செக்கனுக்கு ஏறக்குறைய 35 இலட்சம் அதிர்வுகள் கொண்டது. அது உடலின் மென்சதையினூடே செக்கனுக்கு 1540 மீற்றர் வேகத்திற் செல்லும். ஓரிழையம் முடிந்து வேறோரிழையம் தொடங்கும் எல்லைகளிலெல்லாம் சிறிது சிறிதாக எதிரொலித்துத் திரும்பும். திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தையும், வலுவைக் கொண்டு வெளிச்சத்தையும் கணித்துத் திரையிலே படம் வரைகிறது கருவி. ஆனால் வழியிலே காற்று குறுக்கிட்டால் ஒலி ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். அதற்கு அப்பால் இருப்பது திரையிலே வெறும் புகைமூட்டம். ஆகவே, ஒரு கரண்டி அளவு குடல் வாயு போதும், சதையியை அறவே மறைத்துவிட.

ஆவணி பிறந்தது. தமையனாரின் கண்கள் மஞ்சளித்தன. செங்கண்மாரி என்று வீட்டிலே கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். விஞ்ஞானமும் சிறிது படித்தவனாகிய நான் தடுக்கவில்லை. பத்து நாள்கள் போயின. உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து புண்ணான பின்னரே வேறொரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கே கதிரியல் வைத்தியராக இருந்தவர் இளம் பெண்மணி. தமையனாருக்கு ஒரு காது மந்தம். சொல்வதைத் திருப்பிச் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னையும் உள்ளே விட்டார்கள். பழைய அறிக்கையை நீட்டினேன். கடைசி வரியிலே அவர் விரல் நின்றது. வேறொன்றும் சொல்லவில்லை. குளிர்ந்த களியைத் தமையனாரின் வயிற்றிலே பூசி, கருவியை வைத்து அழுத்திப் பார்த்தார். திரையிலே புகைமூட்டம். நெஞ்சு திடுக்கிட்டது எனக்கு. அவரோ சற்றும் கலங்காமல் தாதியை அழைத்து, பெரிய குவளையிலே தண்ணீரும் உறிஞ்சுகுழாய் ஒன்றும் கொண்டுவரச் சொன்னார்.

"ஐயா, இதை ஆறுதலாய்க் குடியுங்கோ. மடமடவென்று குடித்தால் காற்றும் சேர்ந்து போயிடும்."

அரை லீற்றர் நீர் உள்ளே போயிற்று. குமிழிகள் அடங்கச் சில நிமிடங்கள் காத்திருந்தோம். காற்றிருந்த இரைப்பை இப்போது நீர் நிறைந்த சாளரமாயிற்று. நீரினூடே ஒலி தடையின்றிச் செல்லும். அவரைப் பாதி நிமிர்த்தி இருத்தி, "மூச்சை இழுத்து, வயிற்றை முன்னுக்குத் தள்ளிப் பிடியுங்கோ" என்றார். மூச்சு உள்ளே செல்ல ஈரல் கீழே இறங்கும். அந்த ஈரலும் மற்றொரு சாளரம். நான் அவர் காதருகே கத்த, அவர் வயிற்றைத் தள்ள, ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ புகைமூட்டம் விலகிற்று.

விலகியது கண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாம்பல் மேல் சாம்பல். இதிலே சதையி எது, குடல் எது, கொழுப்பு எது? வைத்தியரின் கண்கள் சதையியைத் தேடவேயில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் தேடியவை குருதிக் குழாய்கள்.

எங்கள் ஊர் ஒழுங்கைகளில் ஒருவர் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இலக்கத்தைக் கேட்டுப் பயனில்லை. பிள்ளையார் கோயிலடியிலே திரும்பி, கிணற்றடி தாண்டி, வேம்பு நிற்கும் படலைக்கு எதிர்ப்புறம் என்றுதான் சொல்வார்கள். சதையியும் அப்படியே. அதற்கென்று உறுதியான உறையில்லை, விளிம்பு மங்கல், வயது ஏற ஏறக் கொழுப்புப் படிந்து சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும். அதன் அயலிலுள்ள குழாய்களோ குருதி நிரம்பியமையாற் கரிய நிறத்திலே, ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்.

நான் ஆசிரியன் என்றறிந்தபின் அந்த வைத்தியர் ஒரு கடித உறையின் பின்புறத்திலே வரைந்து காட்டிய படம் இன்னும் என்னிடம் உண்டு. அடியிலே வெள்ளை வளைவாக முதுகெலும்பு. அதன்மேல் இரண்டு கரிய வட்டங்கள்: ஒன்று பெருநாடி, மற்றொன்று கீழ்ப்பெருநாளம். பெருநாடிக்கு முன்னே, குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் மேல் நடுமடிப்பு நாடி. சிறிய கரும்புள்ளி, அதைச் சுற்றிக் கொழுப்பாலான வெள்ளை வளையம். அதற்கும் முன்னே, மண்ணீரலிலிருந்து வரும் நாளம், ஒரு வாற்பேத்தை நீந்துவது போலக் குறுக்கே கிடக்கும். வாற்பேத்தையின் தலை இருக்குமிடத்திலேதான் அந்நாளம் குடலிலிருந்து வரும் மேல் நடுமடிப்பு நாளத்தோடு கூடி, ஈரல்வாயில் நாளமாகிறது. இவ்வாற்பேத்தையின் முதுகிலே சார்ந்து கிடக்கும் சாம்பற் பட்டை எதுவோ அதுவே சதையி. தலையின் ஓரத்தை அறிய இரண்டு சிறு புள்ளிகள் உண்டு: முன்னே ஒரு சிறு நாடி, பின்னே பித்தக் குழாய். சற்று மேலே கருவியைச் சரித்தால், பெருநாடியிலிருந்து எழும் குறுந்தண்டு ஒன்று இருபுறமும் கிளைத்து, கடற்பறவை சிறகு விரித்தாற்போற் தோன்றும். ஒரு சிறகு ஈரலுக்கும் மறு சிறகு மண்ணீரலுக்கும் போவன.

நாடி, நாளம் என்னும் சொற்கள் பற்றி இடையிலே ஒரு வார்த்தை. இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது நாடி. மீட்டு வருவது நாளம். தமிழகத்து நூல்கள் தமனி, சிரை என்னும். எந்த வழக்காயினும் சரி, இவ்விரண்டையும் மயங்கலாகாது. நான் சொல்லவந்த விடயத்திலே ஒரு மனிதனின் ஆயுள் அந்த வேறுபாட்டிலே தொங்கிற்று.

ஒலியைக் கொண்டு வயிற்றைப் பார்க்கும் யோசனை தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1955 இல், கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், சத்திரசிகிச்சையிலே அகற்றிய கட்டிகளை மோட்டார் வண்டியின் பின்பெட்டியிலே ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்திலே வெடிப்பு உண்டோ என்று ஒலியாற் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைத்தார்கள். நீர்க்கட்டி ஒருவிதமாகவும் திண்மையான கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. 1958 இல் அவரும் துணைவர்களும் வெளியிட்ட கட்டுரையிலே ஒரு பெண்ணின் வரலாறு வருகிறது: தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்டவரின் வயிற்றிலே இருந்தது அகற்றக்கூடிய நீர்க்கட்டி என்று ஒலி காட்டிற்று; அகற்றினார்கள். அக்காலத்துப் படங்கள் வெறும் கோட்டுருவங்களே. 1970களில் சாம்பல் நிறத்தின் பல படிகளையும் காட்டும் முறை வந்த பின்னரே சதையி போன்ற மெல்லுறுப்புகள் தெரியலாயின.

எங்கள் அறைக்குத் திரும்புவோம். சதையியின் தலையிலே, அயலிலும் கருமையான ஒரு திட்டு. 26 மில்லிமீற்றர் என்று அளந்தார். வேர்சுங் கண்ட அந்தக் குழாய், 3 மில்லிமீற்றருக்கு உட்பட்டிருக்க வேண்டியது, 7 மில்லிமீற்றராக வீங்கியிருந்தது. பித்தக் குழாயும் வீங்கியிருந்தது. தலையிலே எதுவோ இரண்டு குழாய்களின் வாயையும் அடைக்கிறது என்பது எனக்கே விளங்கிற்று.

பின்னர் அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். கரிய குழாய்களிலே சிவப்பும் நீலமும் பொங்கின.

"சிவப்பு நாடியோ, டொக்ரர்?"

"இல்லை சேர். கருவியை நோக்கி வாறது சிவப்பு, விலகிப் போறது நீலம். நாடியும் நீலமாய்த் தெரியும், திசைதான் கணக்கு."

இது டொப்ளர் என்னும் ஒஸ்திரியர் 1842 இல் பிராக் நகரிலே எடுத்துரைத்த விதி. அவர் எண்ணியது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை. நம்மை நோக்கி வருவதிலிருந்து எழும் அலை நெருங்கும். விலகுவதன் அலை நெகிழும். 1845 இல் ஒல்லாந்திலே றெயில் வண்டியில் எக்காளக்காரரை ஏற்றி ஓடவிட்டு, நிலையத்தருகே நின்ற சங்கீதக்காரரைக் கேட்கச் செய்து, சுருதி மாறுவதை மெய்ப்பித்தார்கள். குருதியின் செங்கலங்களும் அவ்வாறே தம்மேற் பட்ட ஒலியின் சுருதியை மாற்றித் திருப்புகின்றன. ஈரல்வாயில் நாளத்திலே குருதி செக்கனுக்கு 20 சென்ரிமீற்றர் அளவில் மெதுவாக ஓடுகிறது. 35 இலட்சம் அதிர்வுகளிலே அந்த ஓட்டம் உண்டாக்கும் வேறுபாடு சில நூறு அதிர்வுகள்தாம். வியப்பு என்னவெனில், அந்தச் சில நூறு நம் செவிக்கு எட்டும் எல்லைக்குள் அடங்குகிறது! செவிக்கெட்டாத ஒலியை அனுப்பி, செவிக்கெட்டும் ஒலியைப் பெறுகிறோம்.

வைத்தியர் ஒலியைக் கூட்டினார். நாடியின்மேல் வைத்தபோது விட்டுவிட்டு அடித்தது. நாளத்தின்மேல் வைத்தபோது, ஓயாமல், மூச்சோடு சற்றே ஏறியும் இறங்கியும், ஒரே இரைச்சல். காது மந்தமான தமையனார் தலையைத் திருப்பினார்.

"உது வாய்க்காலிலை தண்ணி ஓடுற சத்தமெல்லே?"

"உங்கடை இரத்தம் ஓடுற சத்தம் ஐயா."

"அப்ப ஓடுது" என்றார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த ஓட்டத்தைப் பார்ப்பது வேடிக்கைக்காக அன்று. சதையி அழற்சியுற்றால் அதன் முதுகிலுள்ள மண்ணீரல் நாளத்திலே குருதி உறைந்து அடைபடலாம்; அடைபட்டால் இரைப்பையின் நாளங்கள் புடைத்து, ஒருநாள் குருதி கக்கச் செய்யும். சில வேளை நாடியின் சுவர் அரிக்கப்பட்டு, குருதி நிறைந்த பை ஒன்று உண்டாகும். சாம்பற் படத்திலே அது சாதாரண நீர்க்கட்டி போலவே தோன்றும். உள்ளே குருதி சுழல்வதை டொப்ளர் காட்டாவிட்டால், நீர்க்கட்டி என்று நம்பி அதிலே ஊசி ஏற்றுவது எவ்வளவு பெரிய விபரீதம்!

தமையனாரின் விடயத்திலே கேள்வி வேறு. கட்டி எந்தக் குழாயைத் தொடுகிறது? சதையியின் தலையை அகற்றும் பெரிய சத்திரசிகிச்சையை 1935 இல் நியூயோர்க்கிலே விப்பிள் என்பவர் அறிவித்த நாளிலிருந்து, அறுப்பவர் அஞ்சுவது இந்த அயலையே. நாளம் பற்றப்பட்டிருந்தால் அத்துண்டை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வழியுண்டு. மேல் நடுமடிப்பு நாடியின் சுற்றளவிலே பாதிக்கு மேல், அதாவது 180 பாகைக்கு மேல், கட்டி தழுவி நின்றால் பெரும்பாலும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்கள். குடலின் பெரும்பகுதிக்குக் குருதி கொடுக்கும் குழாயல்லவா அது?

ஆகவே வைத்தியர் நெடுநேரம் பார்த்தது கட்டியையல்ல. நாடியைச் சுற்றிய அந்த வெள்ளை வளையத்தை. அது எங்கேனும் அறுந்திருக்கிறதா? திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமையனார் மூச்சுப் பிடித்துக் களைத்துப் போனார். நானும் என்னை அறியாமலே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "நாளத்திலே ஒரு பக்கம் முட்டுது சேர். நாடியைச் சுற்றி வளையம் முழுசாயிருக்கு. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல ஏலாது. சி.டி. எடுக்கவேணும்."

கேட்கத் துணிவில்லாமற் கேட்டேன்: வைகாசியிலேயே இப்படித் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருந்தால்? அப்போது அது நாளத்தைத் தொட்டிராதோ?

"சின்னனாய் இருந்திருந்தால், தண்ணீர் கொடுத்தும் தெரியாமல் போயிருக்கலாம்" என்றார். பிறகு, "தெரியேல்லை என்று எழுதினால் வேறு விதமாய்த் தேடவேணும் என்று அர்த்தம், சேர்" என்றார். என்மேற் குற்றஞ்சாட்டும் குரல் அல்ல அது. அப்படிச் சாட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

வேறுவிதத் தேடலும் நடந்தது. சி.டி. படம் அவர் சொன்னதையே உறுதிப்படுத்திற்று. பின்னர், நுனியிலே கழியொலிக் கருவி பொருத்திய நெளியும் குழாயை வாய்வழியே இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் செலுத்தினார்கள். 1980களில் வளர்ந்த முறை இது. வெளியிலிருந்து பல சென்ரிமீற்றர் சதையையும் வாயுவையும் ஊடுருவ வேண்டிய ஒலி, இங்கே குடற்சுவருக்கு அப்பாற் சில மில்லிமீற்றர் சென்றாற் போதும். ஆதலால் இன்னும் கூடிய அதிர்வுள்ள, நுணுக்கம் மிகுந்த ஒலியைப் பயன்படுத்தலாம். அந்தக் குழாயினூடாகவே மெல்லிய ஊசியைச் செலுத்திக் கட்டியிலே துணுக்கு எடுத்தார்கள். வழியிலே குருதிக் குழாய் எதுவும் குறுக்கிடாதபடி டொப்ளர் காவல் நின்றது. முடிவு புற்றுநோய். அடைபட்ட பித்தக் குழாயிலே சிறு குழாய் வைத்து மஞ்சளை இறக்கி, ஐப்பசியிலிருந்து மருந்தேற்றி, 2024 பங்குனியிலே சத்திரசிகிச்சை செய்தார்கள். எட்டு மணி நேரம். நாளத்திலே 2 சென்ரிமீற்றர் துண்டு போயிற்று. நாடியைத் தொட வேண்டியிருக்கவில்லை.

தமையனார் இப்போது முன்போலத் தோட்டம் செய்வதில்லை. வரம்பிலே கதிரை போட்டிருந்து மகனை ஏவுகிறார். இன்சுலின் ஊசியைத் தாமே போட்டுக்கொள்கிறார். குறித்த காலத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும், சி.டி.க்கு இடையிடையே கழியொலியும் உண்டு. 2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலும் நானே அழைத்துப் போனேன். புதிய வைத்தியர் ஒருவர் பார்த்தார். கூடத்து வாங்கிலே இருந்துகொண்டு தமையனார் கடதாசியை நீட்டினார்.

"வாசி தம்பி."

ஒவ்வொரு வரியாகத் தமிழ்ப்படுத்தி, அவர் நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து, வாசித்தேன். ஈரலில் ஒன்றும் காணப்படவில்லை. ஈரல்வாயில் நாளத்தில் ஓட்டம் உண்டு, திசை சரியானது. பொருத்திய இடத்தில் ஒடுக்கம் இல்லை. எஞ்சிய சதையியின் நடுப்பகுதி தெரிகிறது. வாற்பகுதி குடல் வாயுவினால் மறைக்கப்பட்டுள்ளது.

"அப்ப போவமோ?" என்று அவர் எழுந்தார்.

அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, நான் கடதாசியோடு திரும்பிச் சென்று அந்தக் கதவைத் தட்டினேன். வைத்தியர் வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். பின்பு தாதியை அழைத்து ஒரு குவளை தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.